பச்சை விளக்கு கண்ணடிக்கிறது!

கிரெடிட் கார்டு சைஸில் ஒரு பச்சைப் பலகை. மேலே ஒரு கறுப்புச் சிப்பு, ஓரத்தில் நாலு யுஎஸ்பி ஓட்டை, அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. அவ்வளவுதான் கம்ப்யூட்டர். ராஸ்பெர்ரி பை என்று பெயர். உள்ளே ஓடுவது லினக்ஸ். 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. (மொரார்ஜி தேசாய் மாதிரி நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பிறந்த நாள்.) பள்ளிக்கூடப் பிள்ளைகள் புரோகிராம் கற்றுக்கொள்ளட்டும் என்று 35 டாலருக்குச் செய்தார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஆபீசில் வருகைப் பதிவு, கடையில் பில், வீட்டில் சினிமா சர்வர், மொட்டை மாடியில் மழை அளக்கிற கருவி என்று இதை வைத்துக்கொண்டு ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருக்கிற வாலிபர்களை எனக்குத் தெரியும்.

ஒருநாள் அது நின்றுபோகும். திரை கறுப்பு. மவுஸ் அசையாது.

உடனே நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கார்டை உருவுகிறார்கள். லினக்ஸை முழுசாக அழித்துவிட்டுப் புதுசாக ஏற்றுகிறார்கள். இரண்டு நாள் ஓடும். மறுபடி நிற்கும். மறுபடி அழிப்பு, மறுபடி ஏற்றல். குழந்தைக்கு ஜுரம் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி!

இந்த விஷயத்தில் என் கட்சி ரொம்ப எளிமையானது. முதல் குற்றவாளி கரண்ட். ரெண்டாவது, கார்டு. மூன்றாவது, காலாவதியான யோசனை. லினக்ஸைக் கூண்டில் ஏற்றுகிற முறை அதற்கப்புறம்தான் வரும். பெரும்பாலும் வராது.

* * *

கரண்ட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

'என் சார்ஜர் 5 வோல்ட் ஸார், எழுதியே போட்டிருக்கான்' என்பார்கள். வாஸ்தவம். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும்தான் ஒரு சம்பளம் எழுதியிருந்தது. கைக்கு வருவது அதுவா? பி.எஃப்., தொழில் வரி, டி.டி.எஸ். என்று வழியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! சார்ஜருக்கும் போர்டுக்கும் நடுவே அப்படி உட்கார்ந்திருக்கிற ஆசாமி கேபிள். பிளாட்பாரத்தில் வாங்கிய மெல்லிசு ஒயருக்குப் போகவர 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். போர்டு 2 ஆம்பியர் இழுத்தால், ரெண்டையும் பெருக்க 0.4 வோல்ட் வழியிலேயே பிடித்தம். கிராஸ் 5, நெட் 4.6. ராஸ்பெர்ரி பையோ சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் 'வோல்டேஜ் போதவில்லை' என்று அலற ஆரம்பித்துவிடும். திரையில் வலது பக்க மூலையில் மின்னல் மாதிரி ஒரு குட்டிப் படம் வரும். அதை அலங்காரம் என்று நினைத்து ரசித்தவர்கள் உண்டு.

அதே சார்ஜரில் செல்போன் திவ்யமாக சார்ஜ் ஆகிறதே? ஆகும். செல்போனுக்குள் பாட்டரி இருக்கிறது. அது சேமிப்புள்ள குடும்பம். ஒரு மாதம் சம்பளம் குறைந்தால் வங்கியில் இருப்பதை எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். பை அப்படியில்லை. தினக்கூலி. ஒரு வேளை குறைந்தால் அந்த வேளையே மயக்கம்தான்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கை இருக்கிறது. இந்த போர்டுகளுக்கு உயிராக இருப்பது ஆர்ம் என்கிற சிப்பு வம்சம். கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கம்பெனியில் ஸோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்று இரண்டு பேர் முன்னின்று வடிவமைத்தார்கள். முதல் சிப்பு 1985 ஏப்ரல் 26-ஆம் தேதி வந்து சேர்ந்தது. போர்டில் சொருகினார்கள், ஓடியது. எவ்வளவு கரண்ட் சாப்பிடுகிறது பார்ப்போம் என்று ஃபர்பர் மீட்டரை வைத்தால், பூஜ்யம். மீட்டர் பழுதில்லை. போர்டில் இருந்த ஒரு கோளாறால் சிப்புக்கு மின்சார இணைப்பே போய்ச் சேரவில்லை! பக்கத்து ஒயர்களில் வருகிற சிக்னல்களிலிருந்து கசிந்த துளி மின்சாரத்தில் அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பட்டினி ஜாதகம்!

அந்தப் பெருமையை இன்றைய பேரப்பிள்ளைகளிடம் எதிர்பார்க்கக் கூடாது. நாலு மூளை, வைஃபை, ப்ளூடூத், ரெண்டு டிவிக்குப் படம் காட்டுகிற சாமர்த்தியம் என்று சாப்பாடு கூடிப்போய்விட்டது. 2019-இல் வந்த பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும் என்கிறார்கள் செய்தவர்கள். 2023-இல் வந்த பை 5-க்கு 5 ஆம்பியர். சார்ஜர் அவ்வளவு தராது என்று தெரிந்தால் பை 5 தன் யுஎஸ்பி ஓட்டைகளுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் என்று ரேஷன் போட்டுவிடும். ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்காது. லினக்ஸுக்கு என் ஹார்ட் டிஸ்க்கைத் தெரியவில்லை என்று புலம்பிப் பிரயோஜனமில்லை.

கேபிள் மட்டமாக இருந்தால்தான் தொல்லை என்றில்லை, உயர்ந்ததாக இருந்தாலும் வரும். பை 4 முதலில் வந்தபோது அதன் டைப்-சி வாயில் ரெண்டு ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுப் பங்கிட்டுவிட்டார்கள். லேப்டாப்புக்கு வருகிற விலை உயர்ந்த, உள்ளே சிப்பு வைத்த கேபிளை மாட்டினால், சார்ஜர் 'ஓஹோ, இது ஏதோ ஹெட்போன் சமாசாரம் போலிருக்கிறது' என்று முடிவுகட்டி, கரண்டே அனுப்பாமல் சும்மா இருந்துவிடும். சாதா கேபிளில் ஜோராக ஓடும். தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பு போர்டில் திருத்திவிட்டார்கள். செகண்ட் ஹாண்டில் பை 4 வாங்குகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

இனி ஒரு துப்பறியும் கதை. ஊர், பேர் வேண்டாம்.

சென்னைப் புறநகரில் ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடை. முதலாளி நாசரேத் பக்கம். ஏரியாவுக்கே அண்ணாச்சி. கணக்கு எழுதுகிற பையன் பி.காம்., எனக்குத் தெரிந்தவர் பிள்ளை. கடையின் பழைய கம்ப்யூட்டர் மூச்சை விட்டபோது, 'புதுசுக்குச் செலவு பண்ண வேண்டாம் அண்ணாச்சி, இது போதும்' என்று ஒரு பை 4-ஐ வைத்து பில் போட ஏற்பாடு செய்தவன் அவன்தான். ஆக, அதன் ஜாதகமும் அவன் ஜாதகமும் ஒன்றாகிவிட்டது.

இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நிற்க ஆரம்பித்தது. பெயின்டர்கள் வேலை முடிந்து மறுநாளுக்குச் சரக்கு வாங்க வருகிற நேரம். கடை நெரியும். அண்ணாச்சி பையனைக் கூப்பிடுவார்.

"என்னடே, ஒன் லினக்ஸு மறுபடியும் மண்டையப் போட்டுட்டா? நம்ம நோட்டுப் புஸ்தகம் என்னைக்காவது இப்படி நின்னுருக்கா?"

சொல்லிவிட்டு, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவார். மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றுக்கும் அவர் செய்கிற வைத்தியம் அதுதான். போர்டும் மறுபடி எழுந்துகொள்ளும். ஒருநாள் எழுந்திருக்கவில்லை. கார்டு கெட்டுவிட்டது. கடைசி மூன்று நாள் பில்கள் அதில். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்கிற கடை. 11-ஆம் தேதி கடைசி. அன்றைக்கு 7. "மூணு நாள் கணக்கு வரலைன்னா ஒஞ் சம்பளத்துல பிடிச்சுருவேன், பாத்துக்க" என்றார் அண்ணாச்சி. விளையாட்டாகச் சொல்கிற மனிதரில்லை.

பையன் அன்று ராத்திரி புதுக் கார்டில் லினக்ஸை மூன்று முறை ஏற்றினான். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அதுவும் நின்றது. அப்புறம்தான் எனக்குப் போன்.

லினக்ஸில் நல்ல குணம் ஒன்று உண்டு. எது நடந்தாலும் டைரி எழுதிவிடும். டி.எம்.ஈ.எஸ்.ஜி. என்று சின்ன எழுத்தில் ஐந்து எழுத்து அடித்தால் அன்றைய டைரி கொட்டும். (இப்போதைய பதிப்புகளில் ரீபூட் ஆனால் பழைய டைரி போய்விடலாம். நிரந்தரமாகச் சேமி என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைத்தோம்.) அடுத்த நாள் அது நின்ற பிறகு எடுத்துப் பார்த்தால், மாலை 6 மணி 12 நிமிஷத்துக்கு ஒரு வரி: யுஎஸ்பியில் புதிதாக ஒரு சாதனம் வந்திருக்கிறது. அடுத்த வரியில் அதன் தயாரிப்பாளர் பெயர், ஒரு செல்போன் கம்பெனி. சில நொடி கழித்து அடுத்த வரி: வோல்டேஜ் குறைந்துவிட்டது. அதற்கப்புறம் வரியே இல்லை.

பையன் ஆறு மணிக்குக் கல்லாவில் இருக்க மாட்டான். குடோனில் ஸ்டாக் பார்க்கப் போய்விடுவான். அப்படியென்றால் கல்லாவில் யார்?

"ஆமா, நாந்தாம் சொருவுனேன்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "சாயங்காலம் நம்ம போன்ல சார்ஜு நிக்க மாட்டேங்கு. அதுல நாலு ஓட்டை சும்மாதான கெடக்கு?"

ஏற்கெனவே செல்போன் சார்ஜரிலும் ஆறடி மெல்லிசு கேபிளிலும் மூச்சு முட்டிக்கொண்டிருந்த போர்டு அது. அதன் வயிற்றிலிருந்து இன்னொரு போனுக்கும் பால் கொடுக்கச் சொன்னால்? மயங்கி விழும். இவர் பிளக்கைப் பிடுங்குவார். பாதியில் பிடுங்கியதால் கார்டு கெட்டது. பழி லினக்ஸ் மேல், தண்டனை பையன் மேல்.

மூன்று நாள் பில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செத்துப்போனதாக நினைத்த கார்டை இன்னொரு லினக்ஸ் லேப்டாப்பில், ரீடர் வழியாகப் போட்டோம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. நேராகக் கார்டிலேயே ரிப்பேர் பண்ணக் கூடாது. முதலில் டிடி-ரெஸ்க்யூ என்கிற இலவச புரோகிராமால் முழுக் கார்டையும் அப்படியே ஒரு ஃபைலாக நகல் எடுத்துவிட வேண்டும். படிக்க முடியாத இடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு வந்துவிடும். ரிப்பேரெல்லாம் நகலில்தான். ஒரிஜினலைத் தொடுவதே இல்லை. அப்படி இரண்டு நாள் பில் முழுசாக வந்தது. மூன்றாம் நாளை ஜிபே, போன்பே வரவுகளையும் கடன் நோட்டையும் கல்லாக் கணக்கையும் வைத்து அவனும் நானும் உட்கார்ந்து கட்டினோம். 340 ரூபாய் உதைத்தது. "போட்டும்" என்றார் அண்ணாச்சி, பெருந்தன்மையாக. ரிட்டர்ன் 10-ஆம் தேதி ராத்திரி போயிற்று. போர்டுக்குச் சரியான அடாப்டர் வந்தது. கல்லாவில் தனியாக ஒரு சார்ஜர் வந்தது. காலியான மூன்று யுஎஸ்பி ஓட்டைகளிலும் பையன் பெயின்ட் கடை மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டான்.

* * *

டைரி படிக்க முடியாத நிலைமையில், அதாவது திரையே வராத கேஸ்களில் என்ன செய்வது? விளக்கைப் பாருங்கள் ஸார்.

போர்டில் சிவப்பு, பச்சை என்று ரெண்டு குட்டி விளக்கு. பை 3 வரைக்குமான மாடல்களில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். பச்சை, கார்டைப் படிக்கும்போது தாறுமாறாக மினுக்கும். அது ஆரோக்கியம். எழுந்திருக்க முடியாதபோதுதான் ஒழுங்காக, எண்ணிக் கண்ணடிக்கும். நாலு தடவை என்றால் ஸ்டார்ட் ஃபைலைக் காணோம். ஏழு தடவை என்றால் லினக்ஸின் கெர்னலைக் காணோம். எட்டு என்றால் மெமரிச் சிப்பில் கோளாறு, பாவம், அந்த போர்டுக்குக் கடையில்தான் வழி. நீளமாக நாலு, குட்டியாக நாலு என்றால் பழைய கார்டைப் புது போர்டில் சொருகியிருக்கிறீர்கள், அதற்கு இதைத் தெரியாது. ஒருத்தி கண்ணடித்தாளா, கண்ணில் தூசியா என்று பஸ் ஸ்டாப்பில் ஆராய்ச்சி பண்ணுகிற பொறுமையில் பாதி இருந்தால் போதும், எண்ணிவிடலாம்.

கண்ணே அடிக்காமல் சிவப்பு மட்டும் எரிந்தால்? பெரும்பாலும் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கார்டில் எழுதியதே சரியில்லை. திரையில் வானவில் கலரில் ஒரு சதுரம் வந்து அப்படியே உறைந்துவிட்டால், ஆரம்ப கட்ட ஃபைல்கள் கிடைத்துவிட்டன, கெர்னல்தான் எழவில்லை. பை 4-இல் எல்லாம் சரியாக இருந்தும் திரை இருட்டாக இருந்தால், டிவி கேபிளைக் கரண்ட் வாய்க்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டிப் பாருங்கள். ரெண்டில் முதல் ஓட்டை அதுதான்.

திரை வருகிறது, ஆனால் வேலை ஆமை வேகம் என்கிறவர்களுக்கு ஒரு மந்திரம். வி.சி.ஜென்.சி.எம்.டி. என்று அடித்து, ஒரு இடம் விட்டு, கெட் த்ராட்டில்டு என்று (நடுவில் அடிக்கோடு போட்டு) சேர்த்து அடியுங்கள், எல்லாம் இங்கிலீஷில். பூஜ்யம் எக்ஸ் பூஜ்யம் என்று வந்தால் க்ஷேமம். முடிவில் 50005 என்று வந்தால் இந்த நிமிஷம் வோல்டேஜ் கம்மி, அதனால் வேகத்தையும் குறைத்து வைத்திருக்கிறது. 50000 என்று வந்தால் இப்போது சரி, ஆனால் கடைசியாக ஸ்விட்ச் போட்டதிலிருந்து ஒரு தடவையாவது அப்படி ஆகியிருக்கிறது. பழைய பாவத்தையும் மறைக்காமல் சொல்கிற இந்த நேர்மையை நம் ஆபீஸ்களில் பார்க்க முடியுமா? சூடு 80 டிகிரியைத் தாண்டினாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதத்தில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து பீரோ மேல் ஏற்றி வைக்காதீர்கள்.

* * *

அடுத்தது கார்டு.

மெமரி கார்டு போட்டோ எடுக்கப் பிறந்தது. எப்போதாவது எழுதி, நிறையப் படிப்பதற்கு. லினக்ஸோ டைரி எழுதுகிற ஜாதி என்று சொன்னேனே, நாள் பூரா எழுதிக்கொண்டே இருக்கும். அதோடு, கார்டுக்குள் ஒரு சின்ன எழுத்தை மாற்றுவதற்குக்கூட ஒரு பெரிய பகுதியை அழித்துத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் நீங்கள் தொடாத ஃபைலும் போய்விடலாம். அண்ணாச்சி வைத்தியத்தின் ஆபத்து இதுதான். பவர்-ஆஃப் கட்டளை கொடுத்து, பச்சை விளக்கின் ஆட்டம் அடங்கிய பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பை 5-இல் இதற்கென்று ஒரு பொத்தானே வைத்துவிட்டார்கள். முந்தைய மாடல்களில் கிடையாது.

போலிக் கார்டுகள் தனி உலகம். மேலே 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும். உள்ளே 8 இருக்கும். 8 நிரம்புகிற வரை ஒழுங்காக இருந்துவிட்டு, அதற்கு மேல் எழுதுவதையெல்லாம் வாங்கி வாங்கிக் கிணற்றில் போட்டுவிடும். எஃப்-3 என்று லினக்ஸில் ஒரு இலவசச் சோதனை இருக்கிறது. கார்டு முழுக்க எழுதி, திருப்பிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். புதுக் கார்டு வாங்கினால் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

கரண்ட் அடிக்கடி போகிற இடமாக இருந்தால் இன்னொரு வழி. ராஸ்பி-கான்ஃபிக் பட்டியலில் ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதாது. எழுதுவதெல்லாம் தற்காலிக மெமரியில், ஸ்விட்சை அணைத்தால் மறந்துபோகும். பிளக்கை எத்தனை தடவை பிடுங்கினாலும் கார்டு பத்திரம். ஆனால் பில்லையும் சேர்த்து மறந்துவிடும்! அதனால் கணக்கு விஷயங்கள் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கிலோ வேறு மெஷினிலோ இருக்க வேண்டும். நோட்டீஸ் போர்டு, டோக்கன் டிஸ்ப்ளே மாதிரி காட்சிப் பொருள்களுக்கு இது அமிர்தம்.

அப்புறம் தேதி. நம் ஆபீஸ் அன்பர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரமே கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் பாட்டரி நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். நெட் இருந்தால் நெட்டைக் கேட்டு மணி தெரிந்துகொள்ளும். நெட் இல்லையென்றால், தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிக்கும். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய், திங்கட்கிழமை காலை நெட் வராமல் கடையைத் திறந்தால் அதற்கு இன்னும் சனிக்கிழமை ராத்திரிதான். பில்லில் சனிக்கிழமை தேதி போட்டு நீட்டும். மாதக் கடைசியாக இருந்தால் ஆடிட்டர் உங்களைத் தேடி வருவார். பாங்க் வெப்சைட்கள் 'உன் தேதியே சரியில்லை' என்று கதவைச் சாத்தும், நீங்கள் லினக்ஸில் ஏதோ வைரஸ் என்று நினைத்துக்கொள்வீர்கள். டிஎஸ் 3231 என்று ஒரு சின்னக் கடிகாரப் பலகை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. பட்டன் பாட்டரியோடு பொருத்திவிட்டால் கவலை விட்டது.

* * *

மூன்றாவது குற்றவாளி, பழைய யோசனை.

யூசர் பெயர் பை, பாஸ்வேர்ட் ராஸ்பெர்ரி என்று எழுதியிருக்கிற புத்தகம் உங்களிடம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிடலாம். 2022 ஏப்ரலோடு அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த சாவி என்பதால் திருடர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளே நுழைகிற எஸ்.எஸ்.எச். வாசலை 2016 நவம்பரிலேயே பூட்டிவிட்டார்கள், நாமாகத் திறந்தால்தான் உண்டு. கார்டில் ஒரு சின்ன ஃபைலை எழுதி வைத்தால் வைஃபை வந்துவிடும் என்கிற பிரசித்தமான குறுக்கு வழி, 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் பதிப்பிலிருந்து செல்லாது. ஆகவே ஒரு யோசனை கிடைத்தால் முதலில் அதன் வருஷத்தைப் பாருங்கள். மருந்துச் சீட்டில் தேதி பார்ப்பதில்லையா?

அதேபோல் ஒரு போர்டுக்குச் சொன்னது இன்னொரு போர்டுக்குச் செல்லாது. ராஸ்பெர்ரியைப் பார்த்து ஆரஞ்சு பை, வாழைப்பழ பை என்று ஒரு பழக்கடையே வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஆர்ம் சிப்புதானே, ஒரே லினக்ஸ் ஓடாதோ? ஓடாது. நம் மேஜைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் எழுந்தவுடன், 'வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் அவரவர் கை தூக்குவார்கள். இந்த போர்டுகளில் பெரும்பாலும் அப்படிக் கேட்க வழியில்லை. யார் எந்த அறையில் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன்னிஷ்டத்துக்கு எழுதி லினக்ஸுக்குள் திணித்தது. 2011 மார்ச்சில் லினக்ஸ் பிதாமகர் லைனஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு வார்த்தையோடு ஆர்ம்காரர்களைக் காய்ச்சிவிட்டார். அதற்குப் பின்தான் டிவைஸ் ட்ரீ என்கிற ஏற்பாடு ஆர்மில் ஒழுங்காக நிலைத்தது. ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பேர் இருந்தால் சர்க்கரை. போர்டில் வைஃபை சிப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும், அட்டையில் இல்லையென்றால் லினக்ஸைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை. அடுத்த வீட்டு அட்டையைக் கொண்டுவந்தாலும் பலிக்காது. மலிவாகக் கிடைக்கிறதென்று புதுப் பழம் வாங்குமுன், ஆர்ம்பியன் போன்ற பொதுப் பதிப்புகளில் அந்த மாடலின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். சிப்பை விற்றுவிட்டு, பழைய கெர்னல் ஒன்றோடு நம்மை நடுத்தெருவில் விட்டவர்கள் உண்டு.

எதற்கும் மசியாத போர்டுக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது: சீரியல் கேபிள். ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் மெல்லிய ஒயர்கள். பை 4 வரைக்குமான மாடல்களில் 6-ஆம் ஊசியில் எர்த், 8-லும் 10-லும் பேச்சும் கேட்பும், குறுக்காக மாற்றி மாட்ட வேண்டும். வேகம் 115200. கான்ஃபிக் ஃபைலில் எனேபிள் யுஆர்ட் என்று ஒரு வரி. திரை வருவதற்கு முன்னாலேயே போர்டு முணுமுணுப்பதெல்லாம் லேப்டாப்பில் வரி வரியாக வரும். ஒரு எச்சரிக்கை: கேபிள் 3.3 வோல்ட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் வகையை மாட்டினால் போர்டு ஒரு முறை முணுமுணுத்துவிட்டு நிரந்தரமாக மௌனமாகிவிடும். சிவப்பு ஒயரை மாட்டவே வேண்டாம்.

* * *

இவ்வளவும் சரியாக இருந்தும் நின்றுபோன கேஸ் ஒன்று சரித்திரத்தில் இருக்கிறது.

2015 பிப்ரவரியில் பை 2 வெளிவந்தது. வாங்கியவர் ஒருவர் ஆசையாக அதைப் போட்டோ எடுத்தார். ஃப்ளாஷ் அடித்ததும் போர்டு அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. ஜனங்கள் நம்பவில்லை. அவரவர் வீட்டில் எடுத்துப் பார்த்தார்கள். வாஸ்தவம்தான்! யூ-16 என்று எண்ணிட்ட ஒரு கரண்ட் சிப்பு, பிளாஸ்டிக் மூடி போடாமல் சிலிக்கான் வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தது. பலத்த வெளிச்சம் பட்டதும் உள்ளே மின்சாரம் குழம்பி, வோல்டேஜ் சரிந்து, மயக்கம். பார்த்தீர்களா, கடைசியில் இதுவும் கரண்ட் கேஸ்தான். போர்டுக்கு நிரந்தரச் சேதம் எதுவும் இல்லை. தயாரித்தவர்கள் சொன்ன வைத்தியம், அந்தச் சிப்பின் மேல் போஸ்டர் ஒட்டுகிற பசைக் களிமண்ணைக் கொஞ்சம் அப்பிவிடுங்கள் என்பதுதான்.

பழைய மார்க்கெட்டில் பை 2 இன்னும் கண்ணில் படுகிறது. கிடைத்தால் வாங்குங்கள், உழைக்கிற ஜாதி. மொபைலில் உள்ள சாதா எல்.இ.டி. வெளிச்சத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. கல்யாண வீட்டு போட்டோகிராபர் வைத்திருக்கிறாரே, பளீரென்று அடிக்கிற ஸெனான் ஃப்ளாஷ், அதை மட்டும் கிட்டே கொண்டுவர வேண்டாம்.